ஆறாம் மாடியில் 4.2 கிகாஹெர்ட்ஸ்

2017 சித்திரை வருஷப்பிறப்பு. மதியம் மூன்று மணி இருக்கும். கீழே தெருவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா அமர்க்களம். ஹோஸ் பைப்பும் வாளியுமாகப் பிள்ளைகள் போகிற வருகிறவர்களையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே, மியான்மரின் யாங்கோன் நகரத்துப் பழைய கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில், தகரக் கூரைக்கு அடியில் நானும் அக்கா மகனும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தோம். கடைசிச் சுற்று. மருமகன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். திடீரென்று படம் அப்படியே நின்றது. ஸ்பீக்கரிலிருந்து 'ட்ர்ர்ர்' என்று ஒரே சத்தம்.

"மாமா, கேம் ஹேங்கா, கம்ப்யூட்டர் ஹேங்கா?" என்று கேட்டான். பன்னிரண்டு வயதுப் பையன் கேட்ட அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய்த்தான் ஓவர்க்ளாக் (கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரை அதன் அசல் வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அத்தானுக்குக் கப்பலில் வேலை. ஒரு தடவை சிங்கப்பூரிலிருந்து வரும்போது வீ என்கிற நின்டெண்டோ கேம் மெஷின் ஒன்றும் ஒரு பை நிறைய டிஸ்க்குகளும் வாங்கி வந்தார். அந்தப் பழைய மாடல் வீ, அதற்கு முந்தின மெஷினான கேம்க்யூபின் டிஸ்க்குகளையும் படிக்கும். என்னிடம் ஒரு ப்ளேஸ்டேஷன் 2 இருந்தது. அதன் லேசர் கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. டிஸ்க்கைத் தலைகீழாக வைத்த மாதிரி முனகும். வீயும் ஒரு நாள் போய்விடும் என்று தெரிந்ததால், அது உயிரோடு இருக்கும்போதே டிஸ்க்குகளை யுஎஸ்பி டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொண்டேன். அவற்றைக் கம்ப்யூட்டரிலேயே எமுலேட்டர் போட்டு ஆடலாம்; பழைய மெஷினைப் போல நடிக்கிற மென்பொருள்தான் எமுலேட்டர். கேம்க்யூப், வீ டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரின் சாதாரண டிவிடி டிரைவ் படிக்காது, வீயை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ப்ளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளைச் சாதாரண டிரைவே படித்துவிடும். ஆனால் அதன் எமுலேட்டருக்கு ப்ளேஸ்டேஷனின் பயாஸ் கோப்பு (மெஷினைத் தொடங்கி வைக்கிற அடிப்படை மென்பொருள்) வேண்டும். அதையும் சொந்த மெஷினிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் முறை. உங்களிடம் பழைய மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். லேசர் செத்த பிறகு கஷ்டம்தான்.

சரி, ப்ராசசர்.

2016 மழைக்காலம் முடிந்த நேரம் அது. நான் பாயின்நவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அந்தச் சம்பளத்தில் வீட்டில் யாரும் முகம் சுளிக்காத அளவுக்குத்தான் செலவு செய்ய முடியும். பழைய சாமான் விற்கிற பாய் ஒருவரிடம் போனேன். அவர் எடுத்த எடுப்பில் ஒரு எஃப்எக்ஸ் 6300 ப்ராசசரைக் காட்டினார். "தம்பி, ஆறு கோர். இதைவிட என்ன வேணும்?" கோர் என்றால் ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி.

அதே விலைக்கு அவரிடம் இன்னொன்றும் இருந்தது. பென்டியம் ஜி3258. இரண்டே கோர். பென்டியம் என்ற பெயருக்கு இருபது வருஷம் ஆனதற்காக 2014இல் இன்டெல் வெளியிட்ட மாடல். 72 டாலருக்கு வந்த மலிவுச் சரக்கு; ஆனால் மல்ட்டிப்ளையர் (வேகத்தைத் தீர்மானிக்கிற பெருக்கல் எண்) பூட்டப்படாதது. அதாவது வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம். நான் இரண்டு கோரை எடுத்தேன். பாய் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பையன் கணக்கில் வீக் என்று நினைத்திருப்பார்.

ஆறை விட்டு இரண்டை எடுத்ததற்குக் காரணம் எங்கள் மண்டியிலேயே இருக்கிறது. ஒரு மூட்டை உளுந்தை ஆறாம் மாடிக்கு ஏற்ற வேண்டும். ஆறு ஆள் நிற்கிறார்கள் என்பதற்காக மூட்டை ஆறு மடங்கு சீக்கிரம் மேலே வந்துவிடாது. மூட்டை ஒன்று, படிக்கட்டும் குறுகல். ஒருத்தர்தான் தூக்க முடியும். அவர் பலசாலியா என்பதுதான் கேள்வி. எமுலேட்டரும் அப்படித்தான். கேம்க்யூபின் ப்ராசசர் 486 மெகாஹெர்ட்ஸ், வீயினுடையது 729. கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவை பவர்பிசி வகை. அவற்றின் ஒவ்வொரு கட்டளையையும் நம் ப்ராசசருக்குப் புரிகிற கட்டளைகளாக மொழிபெயர்த்து, கிராஃபிக்ஸ் சிப்பும் ஒலிச் சிப்பும் செய்கிற வேலையையும் சேர்த்து நடித்துக்காட்டி, எல்லாவற்றையும் நேரம் பிசகாமல் ஓட்ட வேண்டும். அடுத்த கட்டளை முந்தினதன் விடைக்காகக் காத்து நிற்கும். அதனால் வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போட முடியாது. கேம்க்யூப், வீ விளையாட்டுகளை ஓட்டுகிற டால்ஃபின் எமுலேட்டர் முக்கியமாக இரண்டு இழைகளில், அதாவது ஒரே நேரத்தில் ஓடுகிற இரண்டு வேலை வரிசைகளில்தான் ஓடும்: ப்ராசசர் வேலைக்கு ஒன்று, கிராஃபிக்ஸ் வேலைக்கு ஒன்று. மூன்றாவது கோருக்குக் கிடைப்பது சில்லறை வேலை.

கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்ப்பதும் தப்பு. அந்த எஃப்எக்ஸ் பெட்டியில் போட்டிருந்த எண் பென்டியத்தினுடையதைவிடப் பெரியதுதான். ஆனால் ஒரு சுற்றில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். ஜி3258 ஹாஸ்வெல் தலைமுறை. டால்ஃபின் மாதிரி வேலையில் ஹாஸ்வெல்லின் ஒரு கோர், அந்த எஃப்எக்ஸின் ஒரு கோரை எளிதாக முந்தும்.

சந்தையில் இன்னொரு வழியும் இருந்தது, கோர் ஐ3. நான்கு இழைகள் ஓடும், வேகத்தை ஏற்ற முடியாது, விலையும் கூட. வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்துகிற கம்ப்யூட்டராக இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். என்னுடையது விளையாட்டுக்கு மட்டும்.

போர்டு (ப்ராசசரை மாட்டுகிற மதர்போர்டு) விஷயத்தில்தான் கை கடித்தது. ஓவர்க்ளாக்குக்கென்றே வந்தவை இசட்97 போர்டுகள். பழையது வாங்கினால்கூட ப்ராசசரைப் போல இரண்டு பங்கு விலை சொன்னார்கள். ஆனால் மலிவான எச்81, பி85 போர்டுகள் சிலவற்றிலும் பயாஸ் அப்டேட் போட்டால் இந்த ப்ராசசரின் மல்ட்டிப்ளையரை ஏற்ற முடிந்தது. நான் அப்படி ஒரு எச்81 எடுத்தேன். வாங்கும் முன்னால் பாயின் கடையிலேயே மானிட்டரில் மாட்டி, பயாஸுக்குள் போய், 32 என்ற எண்ணை 33 ஆக மாற்ற முடிகிறதா என்று பார்த்தேன். நீங்கள் பழைய போர்டு வாங்கினாலும் இதை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். 'ஏறும் தம்பி' என்ற வாய் வார்த்தையை நம்பி வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். கிராஃபிக்ஸுக்கு ஒரு பழைய ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. 60 வாட்தான் எடுக்கும். நான் வாங்கியதற்குத் தனி மின் வயர்கூடத் தேவைப்படவில்லை.

சாமான் வந்தது கயிற்றில். யாங்கோன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவுக்குத் தொங்கும். நுனியில் ஒரு க்ளிப். காலையில் பேப்பர், காய்கறி எல்லாம் அதில் மாட்டி மேலே இழுத்துக்கொள்வோம். பாயின் கடைப் பையன் ஆறு மாடி ஏற மாட்டேன் என்று ப்ராசசர் பொட்டலத்தை அதில் மாட்டிவிட்டான். மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் அது இடித்தபோது என் நெஞ்சும் இடித்தது.

மாட்டி முடித்து, 3.2 கிகாஹெர்ட்ஸில் அப்படியே ஓட்டிப் பார்த்தேன். நான் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது எஃப்-ஜீரோ ஜிஎக்ஸ். கேம்க்யூபில் விநாடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது 60 படங்களாக ஓடுகிற பந்தயம். கூட்டமாகக் கார்கள் வருகிற ஒரு வளைவில் 46க்கு இறங்கியது. கம்ப்யூட்டர் கேமில் 46 என்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது. எமுலேட்டரில் அப்படி இல்லை. 46 வந்தால் மொத்த விளையாட்டும் நான்கில் மூன்று பங்கு வேகத்தில் நகரும். கார் தண்ணீருக்குள் ஓடுவது போல ஓடும். பாட்டு இழுக்கும், வெடிக்கும். கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும். இன்றைக்கும் நான் எண்ணைப் பார்ப்பதில்லை, சத்தத்தைக் கேட்கிறேன்.

ப்ராசசர்தான் திணறுகிறதா, கிராஃபிக்ஸ் கார்டா என்று பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. எமுலேட்டரில் உள் ரெசல்யூஷனை ஒரு மடங்குக்கு, அதாவது அசல் அளவுக்குக் குறையுங்கள். வேகம் ஏறினால் கார்டுதான் காரணம். கொஞ்சமும் மாறாவிட்டால் ப்ராசசர். எனக்கு மூன்று மடங்கிலும் 46, ஒரு மடங்கிலும் 46. அடிக்கடி ஒரு விநாடி மட்டும் விக்கி விக்கி ஓடினால் அது வேறு நோய்: புது ஷேடர்களை (கார்டுக்குப் படம் வரையச் சொல்கிற சிறு நிரல்களை) கட்டிக்கொண்டிருக்கும். அதற்கு டால்ஃபினில் 2017 நடுவில் ஊபர்ஷேடர் என்ற வழி வந்தது. ஓவர்க்ளாக் செய்தெல்லாம் அதைத் தீர்க்க முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டால்ஃபினுக்குள்ளேயே 'எமுலேட் செய்யும் ப்ராசசரின் வேகத்தை மாற்று' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது நம் ப்ராசசரின் ஓவர்க்ளாக் இல்லை. கற்பனை கேம்க்யூபின் வேகத்தை ஏற்றுவது அது. ஏற்றினால் நம் ப்ராசசருக்குச் சுமை கூடும். என் நண்பர் ஒருவர் அதை 200 சதவீதத்துக்குத் தள்ளிவிட்டு, கேம் இன்னும் மெதுவாகிவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

வேகம் ஏற்றுகிற கணக்கு எளிது. அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸ், அதை 32ஆல் பெருக்கினால் 3.2 கிகாஹெர்ட்ஸ். 40 என்று மாற்றினால் 4.0. ஒரு அளவுக்கு மேல் வேகத்துக்கு வோல்டேஜும் கூடக் கேட்கும். அதை போர்டு தானாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். தேவைக்கு மேல் அள்ளிப் போடும். கையால் வையுங்கள். ஒரு படி ஏற்று, சோதனை ஓட்டு, எழுதிவை. அவ்வளவுதான் வித்தை. என் நோட்டில் இருப்பது: 4.0க்கு 1.10 வோல்ட், 4.2க்கு 1.18, 4.4க்கு 1.26, 4.5க்கு 1.30. 4.6க்கு 1.35 கொடுத்தும் விண்டோஸ் வரை போகவில்லை. இது என் சிப்பின் ஜாதகம். உங்களுடையது வேறாக இருக்கும். அதே மாடலில் 4.7 போகிறதும் உண்டு, 4.2இலேயே மூச்சு வாங்குகிறதும் உண்டு. அடுத்தவர் எண்ணை அப்படியே போடாதீர்கள்.

பெட்டியோடு வந்த சின்ன அலுமினிய கூலர் ப்ராசசரின் அசல் 53 வாட்டுக்குப் போதும். 4.0இலேயே அது 85 டிகிரி காட்டியது. இதில் என் தப்பும் உண்டு: நான்கு பின்களில் ஒன்று சரியாக மாட்டவில்லை. போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் இருந்துவிட்டேன். பிறகு பழைய டவர் கூலர் ஒன்று, 120 மில்லிமீட்டர் விசிறியோடு வாங்கினேன். மொத்தச் செலவில் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

டிசம்பர் வந்தது. யாங்கோனில் டிசம்பர் என்றால் சொர்க்கம். ராத்திரி என் அறை 24 டிகிரி. 4.5 வைத்து ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டினேன். 78 டிகிரி, ஒரு பிழையும் இல்லை. 3.2இல் வாங்கியதை 4.5க்கு ஏற்றிவிட்டேன் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் புரியவில்லை. எனக்குத்தான் பெருமை.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வந்ததுதான் அந்த வருஷப்பிறப்பு மதியம்.

கேம் ஹேங்கா, கம்ப்யூட்டர் ஹேங்கா? எமுலேட்டரின் பிழையாக இருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். அதே வளைவு, அதே காட்சி. ப்ராசசரின் நிலை சரியில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஒரு நாள் பந்தயத்தில், ஒரு நாள் மெனுவில், ஒரு நாள் சும்மா பாட்டு கேட்கும்போது. எனக்கு மூன்றும் நடந்தது. பிழைகளையெல்லாம் பதிந்து வைக்கிற விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். ஹார்டுவேர் பிழை என்று மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. மார்ச் நடுவிலிருந்தே இருந்தன. ஹேங் ஆவதற்கு ஒரு மாதம் முன்பே ப்ராசசர் புகார் எழுதி வைத்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

காரணம் அறை. ப்ராசசரின் சூடு அறையின் சூட்டுக்கு மேல் ஏறுகிற கணக்கு. அறையில் 14 டிகிரி கூடினால் ப்ராசசரிலும் கிட்டத்தட்ட 14 கூடும். எத்தனை நல்ல விசிறி வைத்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக்க முடியாது. டிசம்பரில் 24; ஏப்ரல் மதியத்தில் தகரத்துக்கு அடியில் 38. டிசம்பரின் 78 ஏப்ரலில் 93 ஆகியிருந்தது. 100க்குப் பக்கத்தில் போனால் தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. 78இல் 4.5க்குப் போதுமாக இருந்த 1.30 வோல்ட் 93இல் போதவில்லை. வோல்டேஜைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்குப் பிள்ளைக்கு அதுதானே வரும். வெப்பம் என்பது வேகத்தோடு ஒரு மடங்காகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 3.2இல் என் சிப் 1.05 வோல்ட் எடுத்தது. அதை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 4.2இல் 1.18 வோல்டுக்கு வெப்பம் சுமார் 1.66 மடங்கு. 4.5இல் 1.30 வோல்டுக்கு 2.16 மடங்கு. அதாவது 4.2லிருந்து 4.5க்குப் போக எனக்குக் கிடைத்தது 7 சதவீத வேகம், நான் கொடுத்தது 30 சதவீத வெப்பம். மண்டியில் யாராவது இப்படி ஒரு வியாபாரம் பேசினால் முதலாளி டீகூட வாங்கித் தர மாட்டார்.

அந்த 7 சதவீதமாவது எதற்காவது பயன்பட்டதா? 3.2இல் 46 ஃப்ரேம் வந்த இடத்தில் 4.2இல் சரியாக 60 வந்தது. 4.5 போட்டால் 64 வரும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்த விளையாட்டு 60க்கு மேல் ஓடாது, ஓடவும் கூடாது. கன்சோல் விளையாட்டுக்கு எல்லைக்கோடு ஒன்று உண்டு. அதைத் தொட்டுவிட்டால் மிச்ச வேகம் எல்லாம் சும்மா சூடுதான். நான்கு மாதமாக என் அறையைச் சூடாக்க மின்சாரக் கட்டணம் கட்டியிருக்கிறேன். அதுவும் யாங்கோனில்.

4.2க்கு இறங்கினேன். அடுத்த நாள் மதியம் இரண்டு மணிக்கு, அறை விசிறியையும் நிறுத்திவிட்டு, சோதனை ஓட்டினேன். 82 டிகிரி. மூன்று மணி நேரம் ஓடியது. அதிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான்: வேகத்தை முடிவு செய்வது ஏப்ரல் மதியம், டிசம்பர் ராத்திரி இல்லை. சோதனை மென்பொருள் மட்டும் போதாது. அதில் ஒரு மணி நேரம் தேறிவிட்டு விளையாட்டில் பத்தாவது நிமிஷம் விழுந்ததும் உண்டு. இருப்பதிலேயே கனமான விளையாட்டை ஆளில்லாமல் ஓடவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வாருங்கள்.

போர்டையும் மறக்கக் கூடாது. என் எச்81இல் ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கிற பகுதிக்கு ஹீட்சிங்க் கிடையாது. ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்து, தோசைக்கல்லைத் தொட்டது போல இழுத்துக்கொண்டேன். 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை ப்ளாஸ்டிக் டேக் போட்டு அதன் மேல் கட்டிவிட்டேன். பார்க்க அசிங்கம்தான்.

அந்த ஹேங்கில் உண்மையான இழப்பு வேறு. மருமகன் கண்ணீர் விட்டதற்குக் காரணம் தோற்றது இல்லை. திரும்ப ஏற்றிப் பார்த்தபோது மெமரி கார்டு கோப்பே கெட்டுப்போயிருந்தது. மூன்று மாத ஆட்டம். நிலையில்லாத ஓவர்க்ளாக் சேவ் எழுதுகிற நேரத்தில் விழுந்தால் இப்படி ஆகும். அப்போதிலிருந்து சேவ் கோப்புகளை வாரம் ஒருமுறை யுஎஸ்பி டிரைவில் நகல் எடுக்கிறோம். எமுலேட்டரின் சேவ் ஸ்டேட்டை (ஆட்டத்தை எந்த நொடியிலும் அப்படியே உறையவைக்கிற நகலை) மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். எமுலேட்டரைப் புதுப்பித்தால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள் இருக்கிற சேவ்தான் நிலைக்கும்.

ப்ளேஸ்டேஷன் 2 பக்கம் இந்த இரண்டு கோர் சுமார்தான். அந்த மெஷினில் கணக்குப் போடுகிற வெக்டார் யூனிட் என்ற பகுதியின் வேலையைத் தனி இழையில் ஓட்ட, அதன் எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2இல் ஒரு வழி இருக்கிறது. அதற்கு மூன்றாவது கோர் வேண்டும். கால்பந்து எல்லாம் நன்றாக ஓடியது. ஷேடோ ஆஃப் த கொலோசஸ் மாதிரிப் பெரிய விளையாட்டில் 4.2 போட்டும் திணறல்தான். பின்னால் ப்ரவுசர் திறந்திருந்தாலோ வைரஸ் ஸ்கேன் ஓடினாலோ போச்சு. இரண்டே ஆள் இருக்கிற கடையில் ஒருத்தர் டீக்குப் போன மாதிரி. ப்ளேஸ்டேஷன் 3 எமுலேட்டரைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இனி மின்சாரம். இது இல்லாமல் யாங்கோன் கதை எதுவும் முடியாது.

முதலில் பவர் சப்ளை. மலிவு என்று ஒன்று வாங்கினேன். கையில் எடுத்தால் காலி டப்பா போல இருந்தது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் போட்டவுடன் எங்கள் தெருவில் 230 வோல்ட் 170க்கு இறங்கும். அந்த நேரத்தில் கேம் கனமாகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். நான் ஓவர்க்ளாக்கைத் திட்டினேன். 3.2க்கு இறக்கியும் அதே கதை. கடைசியில் 100லிருந்து 240 வரை தாங்குகிற பவர் சப்ளை ஒன்று மாட்டியதும் நின்றது. லேபிளில் அந்த வீச்சைப் பாருங்கள். பின்பக்கம் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை, நம் தெருவுக்கு ஆகாது.

2021க்குப் பிறகு மின்வெட்டு நேரம் நீண்டது. முறை வைத்து வரும், முறை வைத்துப் போகும். இன்வெர்ட்டரும் 12 வோல்ட் 100 ஆம்பியர்மணி பேட்டரியும் வாங்கினோம். கணக்குப்படி 1200 வாட்மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கைக்கு வருவது 600. இன்வெர்ட்டர் தின்பது போக 500. அதில் வீட்டு விசிறி, விளக்கு, அரிசிக் குக்கர் மேல் கண் வைத்திருக்கிற மனைவி. பயாஸில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்தேன். ஒன்று 4.2, மின்சாரம் இருக்கும்போது. இன்னொன்று 3.2, குறைந்த வோல்டேஜ், பேட்டரி நேரத்துக்கு. பேட்டரியில் ப்ளேஸ்டேஷன் 1, கையடக்க மெஷினான பிஎஸ்பி விளையாட்டுகள் மட்டும். அவற்றுக்கு 3.2 தாராளம். பயாஸ் அப்டேட்டைப் பற்றி ஒரு வார்த்தை: மின்சாரம் அப்போதுதான் வந்திருக்கிற முறை நேரத்தில் மட்டும் செய்யுங்கள். நடுவில் போனால் போர்டு போச்சு.

அந்தக் காலத்தில்தான் ஒரு விநோதம் நடந்தது. ஒரு நாள் எஃப்-ஜீரோ மறுபடி தண்ணீருக்குள் ஓட ஆரம்பித்தது. 46. ப்ராசசருக்கு வயதாகிவிட்டது, ஓவர்க்ளாக் தின்றுவிட்டது என்று நினைத்தேன். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவுகிற பேஸ்டை மாற்றினேன், தூசி தட்டினேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. மருமகன் வந்து திரையின் மூலையைக் காட்டினான். "மாமா, இதுல தேதி 2014ன்னு இருக்கு."

போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி செத்துவிட்டது. சிஆர்2032, மூன்று வோல்ட். மின்சாரம் போகிற ஒவ்வொரு தடவையும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு 3.2க்குத் திரும்பியிருக்கிறது. மின்சாரம் எப்போதும் இருந்த காலத்தில் இது தெரிந்திருக்காது. ஒரு டீ விலைக்கு வாங்கி மாட்டியதும் சரியாகிவிட்டது. இப்போது வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு மாற்றிவிடுகிறேன். பூஜை அறையில் புது பஞ்சாங்கம், போர்டில் புது பேட்டரி.

மருமகனுக்கு இருபது வயது நெருங்கிய சமயம். ஒரு வருஷக் கடைசியில் வந்து, "மாமா, புதுசா ஒண்ணு சேர்க்கப் போறேன். எதை வாங்கி ஓவர்க்ளாக் பண்ணலாம்?" என்றான். ஓவர்க்ளாக் பண்ணவே வேண்டாம் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. என்னிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை.

ஆனால் உண்மை அதுதான். 2014இல் 3.2 என்று விற்ற சிப்பில் ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் மிச்சம் ஒளிந்திருந்தது. இப்போதுள்ள ப்ராசசர்கள் தாங்களே கிட்டத்தட்ட உச்சத்துக்குப் போய்விடுகின்றன. நாம் ஏற்ற மிச்சம் வைப்பதில்லை. அவனுக்கு இரண்டைச் சொன்னேன். 2022இல் வந்த கோர் ஐ3 12100: நான்கு கோர், எட்டு இழை, தானாக 4.3 வரை போகும், மல்ட்டிப்ளையர் பூட்டப்பட்டது. ஒரு கோரின் பலம் என் பழைய சிப்பை 4.2இல் வைத்தாலும் அது வெகுதூரம் முந்திவிடும். இன்னொன்று ரைசன் 5 5600: ஆறு கோர், பூட்டில்லாதது. ப்ளேஸ்டேஷன் 3 வரை போக ஆசை இருந்தால் இது. அதிலும் வேகம் ஏற்றுவதைவிட வோல்டேஜ் இறக்குவதுதான் நம் ஊருக்கு லாபம். ஐ3இல் பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இருக்காது, தனி கார்டு கட்டாயம். விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டுப் படமே வரவில்லை என்று நிற்கக் கூடாது.

அவன் ஐ3 எடுத்தான். பயாஸைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏத்த ஒண்ணுமே இல்லையே மாமா" என்றான். கூடவே என் டவர் கூலரைக் கேட்டான். சாக்கெட் வேறு, மாட்ட முடியாது என்று தப்பித்தேன்.

ஏப்ரலில் ஒரு மதியம் அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறி வந்தான். அவன் வீடு இரண்டாம் மாடி, மரத்து நிழல். அங்கே சோதித்தால் சோதனையே இல்லையாம். தகரத்துக்குக் கீழே வைத்து, என் விசிறியை அவனே நிறுத்தினான். இரண்டு மணி நேரம் எஃப்-ஜீரோ ஓடியது. 60, 60, 60. ப்ராசசர் 71 டிகிரி. நாங்கள் இரண்டு பேரும்தான் வெந்துபோனோம். ஈவென்ட் வியூவரை நான் சொல்லாமலே திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது பெட்டியையும் படிக்கட்டையும் பார்த்தான். அப்புறம் பால்கனிப் பக்கம் பார்த்தான்.

"கயித்துல விடலாமா மாமா?"

"மூணாம் மாடி ஜன்னல் கம்பி இன்னும் அங்கேதான் இருக்கு," என்றேன்.